பத்து நாளில் நாலு பஞ்சர்: முடி கனத்தில் ஒரு கம்பி

நாகர்கோவிலில் இருந்து சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போய்த் திரும்பும் ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட சைக்கிள்). பத்து நாளில் நாலு பஞ்சர், எல்லாம் பின் டயரில். டியூப் மாற்றினேன், காற்றைக் கூட்டினேன், ரிம்மின் உள்ளே ஸ்போக் ஓட்டைகளை மூடும் ரிம் டேப்பும் புதுசு போட்டேன். பலனில்லை.

டயரில் உள்ள எழுத்துக்கு நேராக வால்வை வைப்பது என் வழக்கம். டியூப் ஓட்டை டயரில் எந்த இடத்துக்கு நேர் என்று தெரியும். அதுதான் கைகொடுத்தது. பழைய டியூப்களை அடுக்கிப் பார்த்தால், நாலு ஓட்டையும் வால்விலிருந்து ஒரே சாண் தூரத்தில், அதுவும் ரோட்டுப் பக்கம். டயரின் உள்ளே அந்த இடத்தில் பஞ்சால் தேய்த்தேன், இழை சிக்கியது. லாரி ரேடியல் டயர் கிழிந்து சிதறும் கம்பித் துணுக்கு! விரலுக்குத் தட்டுப்படாது, ஆள் ஏறினால்தான் குத்தும். ஊசி மூக்குக் குறட்டால் பிடுங்கினேன்.

அந்த 23 மி.மீ. அகல டயரும் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருந்தது. பின் சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே இடைவெளி அளந்து, ரப்பருக்கு அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள 28 மி.மீ. டயர் போட்டேன். எடை கொஞ்சம் கூடுதல்தான். ஆறு மாதமாகப் பஞ்சர் இல்லை, நிம்மதி.