குளிர்காலத்தில் நத்தையை பார்சலில் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நத்தை அனுப்புகிறவர்கள் குளிருக்குப் பயப்படுவது நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்தில் அவசரமாகச் செய்யும் காரியங்களே பல சமயம் அதன் உயிருக்கு உலை வைக்கின்றன.

முதல் தவறு ஹீட் பேக்கில், அதாவது பெட்டிக்குள் சூடு தர வைக்கும் பொட்டலத்தில். உள்ளே இருப்பது இரும்புத்தூள். ஆக்சிஜன் பட்டுத் துருப்பிடிக்கும்போதுதான் சூடு பிறக்கிறது. உறையைக் கிழித்த கையோடு பெட்டிக்குள் போட்டு, ஒரு இடுக்கு விடாமல் டேப் ஒட்டினால், இருக்கிற ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு அது ஆறிப்போகும். நத்தைக்கும் மூச்சு முட்டும். பேக் செய்வதற்கு ஒரு மணி நேரம் முன்பே பிரித்து வெளியே வையுங்கள், நன்றாகச் சூடேறட்டும். தெர்மாகோல் பெட்டியில் பென்சில் நுழையும் அளவில் மூன்று நான்கு துளைகள், வெளி அட்டைப்பெட்டியிலும் அவற்றுக்கு நேராகத் துளைகள். லேபிளை அவற்றின் மேல் ஒட்டிவிடாதீர்கள்.

கையைச் சூடாக்கும் சின்னப் பொட்டலங்கள் வேண்டவே வேண்டாம். அவை 60 டிகிரியைக்கூடத் தொடும், சீக்கிரமே அணைந்தும் போகும். உயிரினங்களை அனுப்புவதற்கென்றே 40 மணி நேரம், 72 மணி நேரம் தாங்கும் பேக்குகள் கிடைக்கின்றன. மறுநாள் சேரும் பார்சலுக்கும் 40 மணி நேரத்துக்குக் குறைந்ததை எடுக்காதீர்கள். ராட்சத ஆப்பிரிக்க நத்தைக்கு இதமான வெப்பம் 20 முதல் 28 டிகிரி; எந்த பேக்கின் மேற்பரப்பும் அதைவிடச் சூடாகத்தான் இருக்கும். அதனால் செய்தித்தாளில் நான்கைந்து சுற்று சுற்றி, பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள், நத்தை இருக்கும் டப்பாவைத் தொடக்கூடாது. முந்தைய நாள் இரவே நத்தை இல்லாமல் ஒரு பேக்கை மட்டும் ஒட்டிப் பெட்டியை மூடி, உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது. காலையில் 30-ஐத் தாண்டியிருந்தால் காகிதச் சுற்று போதவில்லை.

அடுத்தது ஈரம். வழியில் நத்தை காய்ந்துவிடுமோ என்று, டப்பாவில் அதைச் சுற்றி வைக்கும் பாசியைச் சொட்டச் சொட்ட நனைக்கிறார்கள். தேங்கிய நீர் நத்தையின் உடற்சூட்டை உறிஞ்சிவிடும். சுருண்டு கிடக்கும் நத்தை அதில் மூழ்கவும் கூடும். பாசியை நனைத்து, கைப்பிடிக்குள் இறுக்கிப் பிழியுங்கள். இனி ஒரு சொட்டும் விழாது என்ற பதமே சரி. வெள்ளரித் துண்டும் வைக்காதீர்கள், இரண்டே நாளில் கூழாகி நாறும். நன்றாகத் தின்று வளர்ந்த நத்தை சில நாள் பட்டினி தாங்கும். சுண்ணாம்புச் சத்துக்காக வைக்கும் கணவாய் ஓடு போன்ற கடினமான பொருளும் கூடாது, பார்சல் உருளும்போது அதுவே நத்தையின் ஓட்டில் மோதும்.

வளரும் நத்தையின் ஓட்டு வாய்விளிம்பு நகநுனிபோல மெல்லியது. அங்கே பிடித்துத் தூக்காதீர்கள். பெரியவற்றுக்கு ஆளுக்கொரு டப்பா. நான்கு பக்கமும் பாசியைத் திணித்து மூடியபின் மெல்ல ஆட்டிப் பாருங்கள். உள்ளே எதுவும் தடதடக்கக் கூடாது.

வார இறுதிக்கு முன் அனுப்பினால் பார்சல் கிடங்கிலேயே கிடக்கும். திங்கள் அல்லது செவ்வாய் அனுப்புங்கள். போகும் ஊரில் இரவு வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே என்றால் தள்ளிப்போடுங்கள். அமெரிக்காவில் ராட்சத ஆப்பிரிக்க நத்தையை அனுமதியின்றி வைத்திருப்பதே குற்றம். எந்த நாடானாலும் சட்டத்தையும் தபால் விதியையும் முதலில் பார்த்துவிடுங்கள்.

பெறுகிறவருக்கும் சொல்லிவையுங்கள்: வந்ததும் வெந்நீரிலோ ஹீட்டர் பக்கத்திலோ வைக்க வேண்டாம். டப்பாவைத் திறந்து அறை வெப்பத்தில் ஓரிரு மணி நேரம் விட்டு, பிறகு வெதுவெதுப்பான நீரை லேசாகத் தெளித்தால் போதும். ஓட்டின் வாயில் வெண்படலம் கட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், ஈரம் பட்டால் அதுவே திறந்து வரும். உள்ளே ஒடுங்கிக் கிடப்பதால் இறந்துவிட்டது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அழுகல் நாற்றம் வந்தால்தான் கவலை. வழியில் முட்டையிட்டிருக்கலாம், ஆகவே பாசியை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.