காலநிலை மாற்றப் பாடத்தைக் கிணற்றடியில் தொடங்குங்கள்

தரம் 9 பிள்ளைகளுக்குக் காலநிலை மாற்றத்தைக் கற்பிக்க "காரணங்கள்", "விளைவுகள்" என்று இரண்டு பட்டியல் எழுதிப் போடுவதே என் வழக்கமாக இருந்தது. இரண்டையும் பாடமாக்கிவிடுவார்கள். விளைவு திரும்பி வந்து காரணத்தையே கூட்டும் அல்லது குறைக்கும் என்பது மட்டும் பிடிபடாது. திரும்பி வரும் அந்தக் கோட்டைத் தேடுவதுதான் தொகுதிச் சிந்தனை. இரண்டு பாடவேளை போதும்.

முதலில் துருவப் பனியை ஒதுக்கிவிட்டுக் கிணற்றை எடுங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின்மேல் வில்லைபோல் மிதக்கிறது. குடிப்பதும் அதைத்தான், தோட்டத்துக்கு இறைப்பதும் அதைத்தான். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே 1 அடி இறங்கினால் கீழேயிருந்து உவர் 40 அடி ஏறப் பார்க்கும்.

இதைக் கண்ணால் காட்டிவிடுங்கள். கண்ணாடிக் குவளையில் பாதிக்கு உப்புநீர், அதில் இரண்டு துளி சொட்டு நீலம். கரண்டியின் முதுகில் விட்டு நன்னீரை மெல்ல ஊற்றினால் மேலே தெளிவாக நிற்கும். ஊசியில்லாத சிரிஞ்சின் நுனியை நீலத்துக்குச் சற்று மேலே பிடியுங்கள். மெல்ல இழுத்தால் தெளிந்த நீர் வரும். விசையாக இழுத்தால் நீலம் நுனிக்குள் ஏறும். வகுப்பு அடங்கிப்போகும் நேரம் அது.

அடுத்து இவற்றை அம்புக்குறிகளால் இணைத்து வளையமாக வரையுங்கள்: இறைக்கும் நீர், கிணற்று நீர்மட்டம், நீரின் உவர்த்தன்மை, செய்கை பண்ணும் பரப்பு, மீண்டும் இறைக்கும் நீர். ஒன்று கூட மற்றது கூடினால் அம்புக்குறியில் +, ஒன்று கூட மற்றது குறைந்தால் −. கழித்தல் குறிகள் ஒற்றை எண்ணிக்கையானால் சமன்படுத்தும் வளையம், அதாவது மாற்றம் சுற்றி வந்து தன்னையே தணிக்கும். இரட்டையானாலோ ஒன்றுமே இல்லாவிட்டாலோ தன்னைத்தானே வளர்க்கும் வளையம்.

முதல் வருடம் நான் தவறியது இங்கேதான். "கிணற்று நீர்மட்டம்" என்று எழுதாமல் "நீர்மட்டம் குறைதல்" என்று எழுதிவிட்டேன். இறைப்பு கூடினால் குறைதலும் கூடும். ஆகவே + வரவேண்டும். "குறைதல்" என்ற சொல்லைக் கண்டதும் வகுப்பு முழுவதும் − போட்டது, நானும் சரி என்றேன். கழித்தல் இரண்டாகிவிட்டது, இறைப்பு முடிவில்லாமல் கூடிக்கொண்டே போகும் என்று விடை வந்தது. "தோட்டம் கருகிய பிறகும் ஏன் டீச்சர் இறைக்கிறார்கள்?" என்று பின்வரிசைப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. அன்றிரவு படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்துதான் பிழையைக் கண்டேன். இப்போது ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன். "நீர்மட்டம் கூடியது", "நீர்மட்டம் குறைந்தது" இரண்டும் நாவில் வழுக்கிக்கொண்டு வரும். "நீர்மட்டம் குறைதல் குறைந்தது" என்றால் தடுமாறும். தடுமாறும் பெயரை அழித்துவிடுங்கள். வறட்சி, பற்றாக்குறை, அழிவு மூன்றும் அப்படிப்பட்டவை.

திருத்திய படத்தில் மூன்று கழித்தல், ஆகவே சமன்படுத்தும் வளையம். அப்படியென்றால் நல்லது என்று பிள்ளைகள் எழுதுவார்கள்; விடாதீர்கள். இங்கே சமநிலை வருவதே தோட்டங்கள் கைவிடப்படுவதால்தான்.

இனிப் பனிக்குப் போகலாம்: வெப்பநிலை, பனிப்பரப்பு, தெறித்துப் போகும் வெயில், மீண்டும் வெப்பநிலை. கழித்தல் இரண்டு. தாங்களாகவே கண்டுபிடித்துவிடுவார்கள்.

கருவி என்றால் கரும்பலகையும் இரண்டு நிற வெண்கட்டியும்தான். லூப்பி என்ற இலவச இணையக் கருவி அழகாக அசைந்து காட்டும். ஆனால் கையால் அழித்து வரையும் முன் அதைத் திறந்தால் பிள்ளைகள் அசைவைத்தான் பார்ப்பார்கள்.

பிற்சேர்க்கை: தீவகத்து (குடாநாட்டை அடுத்த தீவுகள்) ஆசிரியர் ஒருவர், தங்கள் பக்கக் கிணறுகள் முன்பே உவர் என்று எழுதியிருந்தார். அங்கே "பவுசரில் (தண்ணீர் லொறியில்) வாங்கும் நீர்" என்பதிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொருவரின் மாணவர்கள், இன்று இறைத்தால் நாளையே உவராகுமா என்று கேட்டார்களாம். தாமதமாக நடக்கும் அம்புக்குறியின்மேல் இரண்டு சிறு கோடு போடுங்கள். வளிமண்டலக் காபனீரொட்சைட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு, இப்போது 420க்கு மேல். வெளியேற்றத்தைப் பாதியாக்கினாலும் உறிஞ்சப்படுவதைவிட விடப்படுவது கூடவாக இருக்கும்வரை அளவு ஏறிக்கொண்டே போகும்.

வீட்டுவேலையாகத் துலாக்கயிற்றிலோ வாளிக்கயிற்றிலோ அடிக்கொரு முடிச்சுப் போட்டு, வாரமொருமுறை நீர்மட்டத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். மாசியில் தொடங்குங்கள், ஐப்பசியில் தொடங்கினால் மட்டம் ஏறுவதை மட்டுமே பார்ப்பார்கள்.