ஸ்டார் வார்ஸ் காமிக்ஸும் பொம்மையும் சேர்க்க ஆரம்பிப்பது எப்படி: கிருஷ்ணகிரி வீட்டுக்கு ஏற்ற செய்முறை

பழையபேட்டையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் என் அலமாரி முன்னால் கால் மணி நேரம் நின்றுவிட்டு, "அண்ணா, நானும் சேர்க்கணும், எதுல ஆரம்பிக்கிறது?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: முதலில் படியுங்கள்

கதை தெரியாமல் வாங்கிய பொம்மை நாலு நாளில் சலித்துவிடும். ஸ்டார் வார்ஸ் படம் அமெரிக்காவில் வெளியானது 1977 மே 25. மார்வெலின் காமிக்ஸ் அதற்கு முன்பே கடைக்கு வந்துவிட்டது. முதல் 6 இதழ்களில் படத்தின் கதை, அப்புறம் முழுக்கச் சொந்தச் சரக்கு. 8ஆம் இதழில் ஜாக்ஸன் என்று ஒரு பச்சை முயல் துப்பாக்கியோடு வரும்! 2ஆம் இதழில் வரும் கடத்தல் தலைவன் ஜப்பா, மீசை வைத்த ஒல்லி ஆசாமி. நமக்குத் தெரிந்த கொழுத்த புழு உருவம் 1983 படத்தில்தான் வந்தது. இந்தக் கோணங்கித்தனங்களுக்காகவே அந்த 107 இதழ்களும் எனக்குப் பிடிக்கும். தனி இதழ்களைத் தேடி அலையாமல் தொகுப்பாக வாங்குங்கள், செலவு குறைவு.

ஆங்கிலம் தயக்கமா? தமிழ் காமிக்ஸில் ஆரம்பியுங்கள். 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதே 'இரும்புக்கை மாயாவி'யோடுதான். மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் தெரியும் அந்தக் கதை, பிரிட்டனிலிருந்து வந்த அசல் அறிவியல் புனைவு.

இரண்டாம் படி: ஒரே அளவு

1978இல் கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி கொண்டுவந்த ஃபிகர்கள், அதாவது கதாபாத்திரப் பொம்மைகள், 3¾ அங்குலம். இப்போது 6 அங்குலத்திலும் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். கலந்து வைத்தால் நாயகன் லூக், வில்லன் டார்த் வேடரின் இடுப்பு உயரம்தான் வருவான். காலிலோ முதுகிலோ பொறித்திருக்கும் ஆண்டு காப்புரிமை ஆண்டு, தயாரித்த ஆண்டு இல்லை. அதைக் காட்டி "பழைய சரக்கு" என்று விலை சொல்பவரிடம் உஷார். காமிக்ஸுக்கு நான் பெரும்பாலும் பஸ் ஏறி பெங்களூரு சர்ச் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்விடுவேன். கையில் எடுத்துப் பார்த்து வாங்கலாம்.

மூன்றாம் படி: கவர் போடுவது

இதில் அவசரம் ஆகாது. கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய அமெரிக்க இதழுக்கு ஏறக்குறைய 7-க்கு 10½ அங்குல கவர் வேண்டும். தமிழ் காமிக்ஸ் ஒவ்வொன்றும் ஒரு அளவு, ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். துணி பேக்கிங் சாமான் விற்கும் கடையில் 'பிபி கவர்' (பாலிப்ரொப்பிலீன்) என்று கேளுங்கள். புது ரெயின்கோட் வாடை அடித்தால் அது பிவிசி, வேண்டாம். நாளடைவில் அட்டை மையோடு ஒட்டிக்கொள்ளும். பின்னால் வைக்க அமிலமில்லாத அட்டையை ஆன்லைனில் வாங்குங்கள். சட்டைப் பெட்டி அட்டையை வெட்டி வைத்தால் காகிதம் சீக்கிரம் பழுக்கும்.

இதழை வெளியே எடுக்கும்போதுதான் ஆபத்து. கவர் வாயில் இருக்கும் ஒட்டுப்பட்டை, உருவும்போது அட்டையில் பட்டால் தோலோடு உரித்துவிடும். என்னுடைய ஒரு இதழில் வேடரின் முகமூடி பாதி அப்படித்தான் போனது. முதலில் மடிப்பைப் பின்னால் வளைத்து, கவரின் முதுகிலேயே ஒட்டிவிடுங்கள். பிறகு உருவுங்கள். கிழிந்தால் செலோ டேப் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

நான்காம் படி: ஃபிகரைக் கழுவுவது

துணி அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திர சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ். கென்னரின் பழைய ஆர்2-டி2 ரோபோ கிடைத்தால் முக்கவே கூடாது, உடம்பில் இருப்பது காகித ஸ்டிக்கர்.

எங்கள் போர் தண்ணீர் சரியான உப்பு. அதில் அலசிக் காயவைத்த கறுப்பு ஹெல்மெட், விபூதி பூசியதுபோல் வந்தது. கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்யுங்கள். ஏற்கெனவே படிந்திருந்தால், தண்ணீர் கலந்த வினிகரை பட்ஸில் தொட்டு, பெயின்ட் இல்லாத இடத்தில் மெதுவாகத் துடைக்கலாம்.

ஐந்தாம் படி: வைக்கும் இடம்

மாம்பழப் பெட்டி இந்த ஊரில் எங்கும் கிடைக்கும், அதற்காக அதில் காமிக்ஸை அடுக்காதீர்கள். பழ வாடைக்குப் பூச்சி வரும். மேற்குச் சுவர் அலமாரியும் வேண்டாம், நம் ஊர் வெயிலில் வெள்ளை பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும். இதழ்களை நிற்க வையுங்கள். நாப்தலின் உருண்டை சில பிளாஸ்டிக்கை இளக்கிவிடும், ஃபிகர் பக்கத்தில் கூடாது. நான் துணியில் முடிந்த வசம்பு வைக்கிறேன்.

சிலிக்கா ஜெல் பாக்கெட்டை மழைக்காலத்தில் மாற்றுங்கள். ஆயுத பூஜைக்கு எப்படியும் அலமாரியை ஒழிப்போம், அன்றைக்கே செய்தால் மறக்காது. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வரும்போது மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். பொட்டை பெட்டிமேல் வைக்கச் சொல்லுங்கள், ஃபிகர் நெற்றியில் வேண்டாம்.