குற்றத்தில் சிக்கிய துப்பாக்கி எங்கே விற்றது? அமெரிக்கத் தரவை நீங்களே படித்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தால் மறுநாளே தமிழ்ச் செய்திகளிலும் வந்துவிடுகிறது. யார் சுட்டார், எத்தனை பேர் இறந்தார்கள் என்பது தெரிகிறது. அந்தத் துப்பாக்கி எந்த ஊர்க் கடையில் விற்றது, எத்தனை நாளில் குற்றவாளியின் கைக்குப் போனது என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. அந்தத் தகவலைத் திரட்டி வைத்திருப்பது ஏடிஎஃப் என்ற மத்திய அமைப்பு. மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் அமைப்பு அது. அதனிடம் உள்ள தரவில் ஒரு பகுதியை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். இன்னொரு பகுதி 2003 முதல் பூட்டிக் கிடக்கிறது. என் பார்வையில் பூட்டிக் கிடப்பதுதான் மக்களுக்கு அதிகம் தேவையான பகுதி.

திறந்திருப்பதை எப்படிப் படிப்பது, பூட்டியதை எப்படிக் கேட்பது என்று இரண்டையும் சொல்கிறேன். எக்செல்லில் கூட்டவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

படி 1: முதலில் தடம் பிடிக்கும் முறையைப் புரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிக் குதித்து நேராக அட்டவணைக்குப் போகாதீர்கள். எண்களைத் தப்பாகப் படிப்பவர்களில் பெரும்பாலோர் இங்கேதான் வழுக்குகிறார்கள்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான துப்பாக்கிப் பதிவேடு கிடையாது. 1986-இல் வந்த சட்டம் அப்படி ஒன்றை உருவாக்குவதையே தடை செய்கிறது. ஆனால் 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி உரிமம் பெற்ற ஒவ்வொரு கடைக்காரரும் விற்பனை விவரத்தை எழுதி வைக்க வேண்டும். வாங்குபவர் நிரப்பிக் கையெழுத்திடும் தாளுக்கு 4473 படிவம் என்று பெயர். தடம் பிடிப்பது முழுக்க இந்தக் காகிதத்தை நம்பித்தான் நடக்கிறது.

ஒரு போலீஸ்காரர் கிளாக் பிஸ்டல் ஒன்றைக் கைப்பற்றுகிறார் என்று வையுங்கள். அதைத் திருப்பிப் பார்த்தால், பிடிக்கு முன்னால், குழலுக்குக் கீழே, பிளாஸ்டிக்கில் பதித்த ஒரு சின்ன உலோகத் தகடு இருக்கும். அதில் சீரியல் நம்பர். அதே நம்பர் மேலே நகரும் ஸ்லைடிலும் குழலிலும் இருக்கும். பல கிளாக்குகளில் ஆஸ்திரியாவில் செய்தது என்றும், இறக்குமதி செய்த நிறுவனம் ஜார்ஜியா மாநிலம் ஸ்மர்னாவில் உள்ளது என்றும் பொறித்திருக்கும். ஸ்லைடையும் குழலையும் யாரும் கழற்றி மாற்றிவிடலாம். சட்டத்தின் கண்ணில் துப்பாக்கி என்பது பிடியோடு சேர்ந்த கீழ்ப்பகுதியான அடிச்சட்டம்தான், அதனால் தகட்டில் உள்ள நம்பரைத்தான் அவர் எழுத வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும், பூஜ்யத்தை ஆங்கில ‘ஓ’ என்று எழுதினாலும் தடம் அங்கேயே அறுந்துவிடும்.

அவர் இ-டிரேஸ் என்ற இணைய அமைப்பில் விவரத்தைப் பதிவு செய்கிறார். அது மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் உள்ள தேசியத் தடமறியும் மையத்துக்குப் போகிறது. அங்குள்ளவர்கள் தயாரிப்பாளரைக் கேட்கிறார்கள்: இந்த நம்பரை யாருக்கு அனுப்பினீர்கள்? மொத்த வியாபாரியின் பெயர் கிடைக்கும். அவரைக் கேட்டால் சில்லறைக் கடையின் பெயர். கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும். அவர் 4473 படிவத்தைத் தேடி எடுத்து முதலில் வாங்கியவரின் பெயரைச் சொல்கிறார்.

கடை மூடிவிட்டிருந்தால்? மூடிய கடைகளின் காகிதம் எல்லாம் பெட்டி பெட்டியாக மார்ட்டின்ஸ்பர்க் வந்து சேர்கிறது. கட்டடத்தில் இடம் போதாமல் கப்பல் கன்டெய்னர்களில் அடுக்கி வைத்ததும் உண்டு. 2021 இறுதியில் அங்கிருந்த பதிவுகளின் எண்ணிக்கை 92 கோடியைத் தாண்டியிருந்தது. ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் படமாக மட்டும். வாங்கியவரின் பெயரைத் தட்டித் தேட முடியாது, கூடாது என்பதுதான் விதி. ஆகவே ஊழியர் ஒருவர் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டித்தான் ஒரு கையெழுத்தைக் கண்டுபிடிக்கிறார்.

ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலில் வாங்கியவரோடு தடம் முடிந்துவிடும். அதற்கப்புறம் அவர் தம்பிக்குக் கொடுத்தாரா, விற்றாரா, வீட்டில் திருட்டுப் போனதா என்பதை இந்தத் தரவு சொல்லாது. முதலில் வாங்கியவர் என்பதாலேயே ஒருவர் குற்றவாளி ஆகிவிடமாட்டார்.

படி 2: அட்டவணையைக் கண்டுபிடியுங்கள்

தேடுபொறியில் ஏடிஎஃப், ஃபயர்ஆர்ம்ஸ் டிரேஸ் டேட்டா, வேண்டிய ஆண்டு ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஏடிஎஃப் தளத்தின் புள்ளிவிவரப் பகுதி வரும். ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி அறிக்கை இருக்கும். எடுத்த எடுப்பில் நாடு முழுவதையும் இறக்கிக்கொண்டு திணறாதீர்கள். ஒரே மாநிலம், ஒரே ஆண்டு. இல்லினாயை எடுத்துக்கொள்வது நல்லது. சிகாகோ அங்கே இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேறு அறிக்கைகளும் கிடைக்கும்.

விரிவாகப் படிக்க வேண்டுமென்றால், துப்பாக்கி வணிகமும் கடத்தலும் பற்றி ஏடிஎஃப் 2022 முதல் வெளியிட்ட நான்கு தொகுதி மதிப்பீடு இருக்கிறது. 2023-இல் வந்த இரண்டாம் தொகுதிதான் குற்றத் துப்பாக்கிகளைப் பற்றியது. 2017 முதல் 2021 வரை தடம் பார்த்த 19 லட்சத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகளின் கணக்கு அதில் உள்ளது.

படி 3: ‘எங்கிருந்து வந்தது’ அட்டவணையில் ஒரு கணக்குப் போடுங்கள்

மாநில அறிக்கையில் துப்பாக்கி வகை, குண்டின் அளவு, கைப்பற்றிய நகரம், வைத்திருந்தவரின் வயது என்று பல அட்டவணைகள் இருக்கும். அவற்றை மேலோட்டமாகப் பார்த்தால் போதும். நீங்கள் உட்கார்ந்து படிக்க வேண்டியது மூல மாநில அட்டவணை. இந்த மாநிலத்தில் பிடிபட்ட துப்பாக்கிகள் முதலில் எந்த மாநிலக் கடையில் விற்றன என்பதை அது சொல்கிறது.

கணக்குப் புரிவதற்காக ஒரு கற்பனை எண். ஒரு மாநிலத்தில் 10,000 துப்பாக்கிகளைத் தடம் பார்த்தார்கள். 7,500-க்குத்தான் மூல மாநிலம் தெரிந்தது. அதில் 5,000 உள்ளூர்க் கடையில் விற்றவை. இப்போது உள்ளூர்ப் பங்கு எவ்வளவு? 10,000-ஆல் வகுத்தால் 50 சதவீதம், 7,500-ஆல் வகுத்தால் சுமார் 67 சதவீதம். இரண்டாவதுதான் சரி. தெரியாத 2,500-ஐ வெளி மாநிலக் கணக்கில் சேர்க்க நமக்கு உரிமை இல்லை. எந்த எண்ணால் வகுத்தீர்கள் என்பதை எக்செல் தாளின் மேலேயே எழுதி வைத்துவிடுங்கள்.

இந்த ஒரு அட்டவணையிலிருந்து எவ்வளவு பெரிய கதை வெளிவரும் என்பதற்கு நியூயார்க் ஓர் எடுத்துக்காட்டு. அந்த மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அலுவலகம் 2010 முதல் 2015 வரை கைப்பற்றிய சுமார் 53,000 துப்பாக்கிகளை ஆராய்ந்து 2016-இல் அறிக்கை வெளியிட்டது. 74 சதவீதம் வெளி மாநிலங்களிலிருந்து வந்தவை. கைத்துப்பாக்கியை மட்டும் எடுத்தால் 86 சதவீதம். ஐ-95 நெடுஞ்சாலையை ஒட்டிய ஃபுளோரிடா, ஜார்ஜியா, இரண்டு கரோலினாக்கள், வர்ஜீனியா, பென்சில்வேனியா ஆகியவற்றிலிருந்து துப்பாக்கி வடக்கே போகும் இந்தப் பாதையை அங்கே ‘இரும்புக் குழாய்’ என்று அழைக்கிறார்கள். துப்பாக்கி வாங்கக் கடுமையான விதி வைத்திருக்கும் மாநிலத்துக்குள் பக்கத்து மாநிலத்தின் தளர்ந்த விதி காரில் ஏறி வந்துவிடுகிறது.

படி 4: நாட்களை எண்ணுங்கள்

அடுத்து ‘டைம் டு கிரைம்’ அட்டவணை. பெயர் கொஞ்சம் ஏமாற்றும். கடையில் விற்ற நாளுக்கும் போலீஸ் கைப்பற்றிய நாளுக்கும் இடைப்பட்ட காலம்தான் இது. குற்றம் நடந்த நாள் இதில் இல்லை. மூன்று மாதத்துக்குள், ஏழு மாதத்துக்குள், ஓராண்டுக்குள் என்று பிரித்துக் கடைசியில் மூன்றாண்டும் அதற்கு மேலும் என்று முடித்திருப்பார்கள்.

மூன்றாண்டுக்குக் குறைவாக இருந்தால் கடத்தலுக்கான அறிகுறியாகப் புலனாய்வாளர்கள் பார்க்கிறார்கள். காரணம் எளிது. சொந்தத் தேவைக்காக வாங்கியவர் அதை இரண்டே மாதத்தில் இழப்பது அபூர்வம். குற்றப் பின்னணி உள்ளவருக்காக இன்னொருவர் தன் பெயரில் வாங்கிக் கொடுத்திருக்கலாம். நம் ஊரில் பினாமி என்போமே, அதேதான். 25 வயது நண்பரோ காதலியோ 4473 படிவத்தில் தனக்காகத்தான் வாங்குவதாகப் பொய்க் கையெழுத்துப் போடுகிறார், வாசலிலேயே பை கைமாறுகிறது.

சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். நாற்பது ஆண்டுப் பழைய ரிவால்வர்கள் சில சேர்ந்தால் சராசரி எங்கேயோ போய்விடும். மூன்றாண்டுக்குள் உள்ள கட்டங்களைக் கூட்டி, காலம் தெரிந்த மொத்தத்தால் வகுங்கள். இதையே ஐந்து ஆண்டுகளுக்குச் செய்தால் போக்கு தெரியும்.

படி 5: எதை எண்ணியிருக்கிறார்கள் என்று கேளுங்கள்

ஏடிஎஃப் தன் அறிக்கையிலேயே எச்சரிக்கிறது: குற்றத்தில் பயன்பட்ட எல்லாத் துப்பாக்கியும் தடம் பார்க்கப்படுவதில்லை, தடம் பார்த்த எல்லாத் துப்பாக்கியும் குற்றத்தில் பயன்பட்டதல்ல. சில ஊர்ப் போலீஸ் கைப்பற்றிய ஒவ்வொன்றையும் அனுப்புகிறது, சில ஊர்களில் அனுப்புவது அவரவர் விருப்பம். அதனால் எண் கூடினால் குற்றம் கூடியது என்று உடனே எழுதிவிடக் கூடாது, போலீஸின் சுறுசுறுப்பு கூடியிருக்கலாம்.

மெக்சிகோ விஷயத்தில் இந்தத் தவறு பெரிய அளவில் நடந்தது. அங்கே ஐந்து ஆண்டுகளில் கைப்பற்றித் தடம் பார்த்த துப்பாக்கிகளில் சுமார் 87 சதவீதம் அமெரிக்காவிலிருந்து வந்தவை என்று அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பு 2009-இல் சொன்னது. ‘தடம் பார்த்த’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்து, மெக்சிகோவின் துப்பாக்கிகளில் 90 சதவீதம் அமெரிக்காவினுடையவை என்று மேடைகளில் பேச ஆரம்பித்தார்கள். மெக்சிகோ கைப்பற்றிய எல்லாத் துப்பாக்கியும் தடம் பார்க்க அனுப்பப்படவில்லை. எதிர்த்தரப்புக்கு இந்த ஓட்டை போதுமானதாக இருந்தது, உண்மையான கடத்தலையே கட்டுக்கதை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு சொல்லை விட்டதற்குக் கொடுத்த விலை அது.

சீரியல் நம்பரே இல்லாமல் உதிரி பாகங்களைப் பொருத்தி வீட்டில் செய்த ‘கோஸ்ட் கன்’னையும் மறக்காதீர்கள். போலீஸ் அனுப்பியவற்றில் இப்படிச் சந்தேகித்தவை 2017-இல் 1,629. 2021-இல் 19,273. இவற்றுக்கு மூல மாநிலமும் கிடையாது, கால இடைவெளியும் கிடையாது. படி 3-இல் சொன்ன ‘தெரியாத’ கட்டத்துக்குள் இவையும் ஒளிந்திருக்கும்.

படி 6: இல்லாத பத்தியைப் பாருங்கள்

இதுவரை படித்த அட்டவணைகள் எதிலாவது கடையின் பெயர் இருந்ததா? இல்லை. 2000-இல் ஏடிஎஃப் ஓர் அறிக்கையில் அப்போதிருந்த சுமார் 83,200 கடைக்காரர்களைக் கணக்கெடுத்தது. 1998-இல் இந்தக் கடைகள் வரை தடம் போன துப்பாக்கிகளில் 57 சதவீதத்துக்கும் மேல் வெறும் 1.2 சதவீதக் கடைகளில் போய் முடிந்தன. ஏறக்குறைய ஆயிரம் கடைகள். நிறைய விற்கும் கடையின் பெயர் நிறையத் தடவை வருவது இயல்புதான், அதை வைத்து மட்டும் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் அந்த ஆயிரம் கடைகள் எவை என்று பக்கத்துத் தெருவில் குடியிருப்பவருக்குத் தெரிய வேண்டாமா?

தெரியக் கூடாது என்று முடிவானது 2003-இல். கான்சாஸ் மாநிலத்திலிருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போன உறுப்பினர் டாட் டீஹார்ட்டின் பெயரில் அறியப்படும் இந்தத் திருத்தம் தனிச் சட்டமாக வரவில்லை. அரசின் செலவுக்குப் பணம் ஒதுக்கும் மசோதாவில் ஒட்டிய பிரிவாக வந்தது. தடமறியும் தரவை வெளியிட ஏடிஎஃப் பணம் செலவிடக் கூடாது என்பது சாரம். சிகாகோ நகரம் இந்தத் தரவைக் கேட்டு வழக்கு நடத்திக்கொண்டிருந்த நேரம் அது. உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு, இந்தப் பிரிவு வந்ததும் கீழே திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் நகரம் தோற்றது. பின்னாளில் தளர்த்தியபோதும் பொதுமக்களுக்கு மொத்தப் புள்ளிவிவரத்தை வெளியிட மட்டும் அனுமதி கிடைத்தது. நாம் படிக்கும் மாநில அட்டவணைகள் அந்த வகையைச் சேர்ந்தவை.

படி 7: பக்கவாசல்

இந்தத் தடை கட்டுப்படுத்துவது ஏடிஎஃப்பை. தங்கள் போலீஸ் கைப்பற்றிய துப்பாக்கியைப் பற்றிச் சில நகரங்களும் மாநிலங்களும் தாங்களே வெளியிடுகின்றன. சிகாகோவின் 2017 அறிக்கையைத் தேடி எடுங்கள். துப்பாக்கிகளில் 60 சதவீதம் வெளி மாநிலங்களிலிருந்து வந்தவை, பக்கத்து இந்தியானாவிலிருந்து மட்டும் 21 சதவீதம். அதிகம் தடம் முடிந்த பத்துக் கடைகளின் பெயரையும் அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அப்புறம் நியூஜெர்சி 2018 முதல் வெளியிடும் ‘கன்ஸ்டாட்’ அறிக்கைகள். படி 3-இல் போட்ட கணக்கை இவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

படி 8: நீங்களே கேளுங்கள்

இந்தியாவின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும். அமெரிக்காவின் தகவல் சுதந்திரச் சட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. மதுரையில் உட்கார்ந்துகொண்டும் ஏடிஎஃப்பிடம் மனுப் போடலாம்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். பெயர், நம்பர், முகவரி எதையும் கேட்காதீர்கள். எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். ‘இன்ன ஆண்டு முதல் இன்ன ஆண்டு வரை இன்ன மாநிலத்தில் கைப்பற்றித் தடம் பார்த்தவற்றில், முன்பு போலீஸ் துறைக்குச் சொந்தமாக இருந்தவை எத்தனை, ஆண்டுவாரியாக’ என்பது போல. இது நான் சும்மா சொல்லும் உதாரணம் அல்ல. போலீஸ் பழைய துப்பாக்கிகளை விற்றுவிட்டுப் புதிதாக வாங்குவது அங்கே வழக்கம். அப்படி விற்றவை குற்றத்தில் எத்தனை திரும்பி வருகின்றன என்று புலனாய்வு இதழியல் மையம் ஒன்று 2017-இல் கேட்டது, மறுத்தார்கள். வழக்குப் போட்டது. மொத்த எண்ணிக்கையைத் தர டீஹார்ட் பிரிவு தடையாக இல்லை என்று மேற்கு மாநிலங்களுக்கான மத்திய நீதிமன்றமான ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 டிசம்பரில் தீர்ப்பளித்தது. 2006-க்குப் பிறகு 52,000-க்கும் மேற்பட்ட முன்னாள் போலீஸ் துப்பாக்கிகள் குற்றத் தடத்தில் சிக்கியிருப்பது 2024-இல் செய்தியானது. ஏழு ஆண்டு பிடித்தது. வேறு மனு ஒன்றில் நியூயார்க்கில் உள்ள இரண்டாவது வட்ட நீதிமன்றம் அதே டிசம்பரில் ஏடிஎஃப் பக்கம் தீர்ப்புச் சொன்னது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புக் கடிதத்தில் அதை மேற்கோள் காட்டலாம்.

கட்டணம் எவ்வளவு வரை தருவீர்கள் என்று கடிதத்திலேயே எழுதுங்கள். வணிக நோக்கமில்லாத மனுவுக்கு முதல் இரண்டு மணி நேரத் தேடலும் முதல் 100 பக்கமும் இலவசம். 20 வேலை நாளில் பதில் வர வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். மனு எண்ணையும் அனுப்பிய தேதியையும் பத்திரமாக வைத்திருங்கள். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டுக்குக் குறைந்தது 90 நாள் அவகாசம் உண்டு, கடைசி நாள் என்ன என்று அந்தக் கடிதத்திலேயே இருக்கும். அதை அன்றைக்கே காலண்டரில் குறித்துவிடுங்கள்.