விசுவாசமும் விஞ்ஞானமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் கிறிஸ்தவ விசுவாசத்தையும் விஞ்ஞானத்தையும் பற்றிப் பேச்சு எழுந்தால், அது விரைவில் 2004 டிசெம்பர் 26இல் வந்து நிற்கும். அன்றைய சுனாமியைக் கடவுளின் தண்டனை என்பதே முதலில் தவிர்க்க வேண்டிய தவறு. சுமாத்திராவுக்கு அப்பால், கடலடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் அமிழும் விளிம்பில் நெடுங்காலமாகச் சேர்ந்திருந்த இறுக்கம் 9.1 அளவான நிலநடுக்கமாக வெடித்தது. கடற்றரை திடீரென உயர்ந்ததால் எழுந்த அலைகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் எங்கள் கரையை அடைந்தன. கிண்ணியாவில் மாண்டவர்கள் தப்பியவர்களைவிடப் பெரிய பாவிகளா? சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் இறந்ததைச் சொல்லி இதே கேள்வியை எழுப்பிய இயேசு, இல்லை என்றே பதில் சொன்னார் (லூக்கா 13:4-5). மனம் மாறும்படி அவர் அழைத்தது கேட்டுக்கொண்டிருந்தவர்களைத்தான். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் தண்டனை பற்றிப் பேசுவது அந்த நற்செய்திக்கே மாறானது.

விஞ்ஞானத்தின் புதிய முடிவு ஒவ்வொன்றையும் வேதத்துக்குச் சான்றாக இழுப்பது இன்னொரு தவறு. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜோர்ஜ் லெமைத்ர் பெல்ஜியத்துக் கத்தோலிக்கக் குரு. ஆயினும் 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அத்தகைய ஆய்வுகளைப் படைப்புக்குச் சான்றாகப் பேசியதை அவர் விரும்பவில்லை. திருத்தத்துக்கு உட்பட்ட கோட்பாட்டின்மீது விசுவாசத்தைக் கட்டினால், கோட்பாடு மாறும் நாளில் விசுவாசமும் ஆட்டம் காணும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் பிள்ளையிடம் “பரிணாமமா, பைபிளா?” என்று கேட்பதும் வேண்டாம். சூரியன் நான்காம் நாளில்தான் வருகிறது என்பதைக் கவனித்து, தொடக்கநூலின் நாட்களை நாம் அறிந்த சாதாரண நாட்களாகக் கொள்ளத் தயங்கியவர் புனித அகுஸ்தீனார்; அது டார்வினுக்கு ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முந்திய கதை.

இவை எல்லாவற்றிலும் எனக்கு மிகுந்த கவலை தருவது, செபத்தை மருந்துக்குப் பதிலாக வைப்பது. 2017இல் டெங்கு இம்மாவட்டத்தைக் கடுமையாகத் தாக்கியது. இந்நோயில் பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடற்சூடு இறங்கும்போதுதான், இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசிந்து நோயாளி அதிர்ச்சி நிலைக்கு (இரத்த ஓட்டம் ஆபத்தான அளவுக்குக் குறையும் நிலைக்கு) போகக்கூடும். செபம் கேட்கப்பட்டது, காய்ச்சல் விட்டது என்று குடும்பம் நன்றி சொல்லும் அதே வேளை உயிராபத்தின் வேளையாக இருக்கலாம். மருந்துகளை நிலத்திலிருந்து படைத்தவர் ஆண்டவரே என்று சீராக் நூலின் 38ஆம் அதிகாரம் சொல்கிறது. நன்றி செலுத்துங்கள், ஆனால் காய்ச்சல் இறங்கிய பின் வயிற்றுவலி, தொடர் வாந்தி, சோர்வு, கைகால் குளிர்தல் எதைக் கண்டாலும் உடனே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.