சென்ட்ஓஎஸ்ஸிலிருந்து டெபியனுக்கு: சொந்த ஸ்கிரிப்டுகளை எப்படிக் கொண்டுபோவது

சென்ட்ஓஎஸ் 7 என்ற லினக்ஸுக்கு 2024 ஜூன் 30-உடன் அப்டேட் நின்றுவிட்டது. அதற்கப்புறமும் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டு, ஒருவழியாக என் சர்வரை டெபியன் 12 என்ற இன்னொரு லினக்ஸுக்கு மாற்றினேன். வெப் சர்வரும் டேட்டாபேஸும் ஒரே மாலையில் முடிந்தன, பல வருடமாக நானே எழுதிச் சேர்த்த சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள்தான் ஒரு வாரம் இழுத்தடித்தன.

முதல் வேலை கிரான்டேப், அதாவது எந்த ஸ்கிரிப்டை எப்போது தானாக ஓட்ட வேண்டும் என்று கிரான் என்ற நிரலுக்குச் சொல்லும் பட்டியல். ஹோம், ஈடிசி ஃபோல்டர்கள் இரண்டையும் காப்பி எடுத்தாயிற்று, போதும் என்று நினைக்காதீர்கள், பயனர்களின் கிரான்டேப் அந்த இரண்டிலுமே இருக்காது, வார் ஃபோல்டருக்குள் ஸ்பூலில் கிடக்கும். ஒவ்வொரு பயனருக்கும், முக்கியமாக ரூட் என்ற நிர்வாகிக்கும், 'கிரான்டேப் -எல்' அடித்து வருவதை ஒரு ஃபைலில் சேமியுங்கள். எந்த ஸ்கிரிப்ட் உண்மையிலேயே ஓடுகிறது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும். அதில் இல்லாததையும் ஒரு வருடமாகக் கையால்கூட ஓட்டாததையும் நான் டார் ஃபைலாகக் கட்டி ஓரமாக வைத்துவிட்டேன்.

மிச்சத்தை யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் என்ற ஒரே இடத்தில் போடுங்கள். டெபியன் பேக்கேஜ்கள் அங்கே எதையும் வைப்பதில்லை, அதனால் அப்டேட் வந்து நம் ஃபைலை மிதிக்காது.

இப்போது என்னைக் கவிழ்த்த விஷயம். ஸ்கிரிப்டை எந்த ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓட்ட வேண்டும் என்று அதன் முதல் வரி சொல்லும், என் பேக்கப் ஸ்கிரிப்டில் அங்கே பின்-எஸ்ஹெச் என்று இருந்தது. சென்ட்ஓஎஸ்ஸில் எஸ்ஹெச் என்றாலும் ஓடுவது பாஷ்தான், டெபியனில் அது டாஷ். நிபந்தனையைச் சோதிக்கப் பாஷில் எழுதும் இரட்டைச் சதுர அடைப்பு டாஷுக்குத் தெரியாது. ஆனால் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும் என்று பார்த்தால், இல்லை. அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று ஒரு வரி முனகிவிட்டு, நிபந்தனை பொய் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. பழைய பேக்கப்பை அழிக்கும் பகுதி அந்த இஃப்புக்குள்தான் இருந்தது. புது சர்வரில் மெயில் அமைக்காததால் கிரானின் புலம்பலும் எனக்கு வந்து சேரவில்லை, ஐந்தாம் நாள் டிஸ்க் நிரம்பியபோதுதான் தெரிந்தது. அதனால் பாஷுக்காக எழுதியதன் முதல் வரியைப் பின்-பாஷ் என்றே மாற்றுங்கள். சந்தேகம் இருந்தால் ஸ்கிரிப்டில் தவறு தேடும் ஷெல்செக் என்ற கருவியில் ஓட்டிப் பாருங்கள், எந்த வரி என்று அதுவே காட்டும்.

பைத்தான் 2-இல் எழுதியது இருந்தால் தப்பிக்க வழியில்லை, டெபியன் 12-இல் பைத்தான் 2 பேக்கேஜே கிடையாது, உட்கார்ந்து 3-க்கு மாற்றத்தான் வேண்டும். அப்புறம் பெயர்கள்: வெப் சர்வரை ஓட்டும் அப்பாச்சி என்ற பயனர் இங்கே டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, ஹெச்டிடிபிடி என்ற லாக் ஃபோல்டர் இங்கே அப்பாச்சி2. கிரெப் என்ற தேடல் கட்டளை போட்டுத் தேடி மாற்றிவிடலாம்.

கையால் ஓட்டும்போது ஓடுவது கிரானில் ஓடும் என்று நம்பாதீர்கள், அங்கே பாத், அதாவது கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியல், ரொம்பக் குறுகலாக இருக்கும். 'என்வ் -ஐ' போட்டுச் சூழல் மாறிகள் இல்லாமல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு வரியாகப் புது கிரான்டேப்பில் சேருங்கள். சேர்த்த கையோடு பழைய சர்வரில் அதே வரியை நிறுத்துங்கள், இல்லையென்றால் ஒரே ரிப்போர்ட் இரண்டு தடவை போகும். மாதத்துக்கு ஒருமுறை ஓடும் வேலை புது இடத்தில் ஒரு தடவை ஒழுங்காக ஓடி முடிக்கும்வரை பழைய சர்வரை அழிக்க வேண்டாம்.