செராமா வாங்கும் முன் கூண்டு

முதலில் கூண்டு, பிறகு கோழி. மலேசியாவின் கிளந்தான் மாநிலத்தில் உருவான செராமா என்ற குட்டிக் கோழி இனம் பெரும்பாலும் அரை கிலோவைக்கூட எட்டாது. பினாங்கின் ஆயர் ஈத்தாமில் எங்கள் வீட்டுப் பின்புறம் திரியும் எலிக்கு அதன் குஞ்சு எளிய இரை. கண் அகன்ற வலையை நம்பி இரண்டு குஞ்சுகளை இழந்தேன். இன்றும் மனம் ஆறவில்லை. விரல் நுழையாத கம்பிவலையை அடிப்பக்கமும் சேர்த்து அடியுங்கள்.

செராமா பினாங்கு வெயிலைத் தாங்கிக்கொள்ளும், ஈரத்தைத் தாங்காது. சாரல் அடிக்கும் பக்கம் படுதா கட்டி, நனைந்த மரச்சீவலை அன்றே அள்ளிவிடுங்கள். தீவனம் பொடியாக இருக்கட்டும். முட்டை ஏறக்குறைய 19 நாளில் பொரியும்; குஞ்சுகள் மூழ்காதபடி தண்ணீர்த் தட்டில் கூழாங்கற்கள் போடுங்கள்.

சேவல் விடியுமுன்பே கூவும். அண்டை வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு வாரம் நான்கு முட்டை கொடுக்கிறேன்.